இலக்கணம் படித்தவருக்கு என்ன வேலை?

“பாஷையைப் பற்றிப் படித்தால் சோறு போடுமா?” - நமது வட்டாரத்துப் பெற்றோர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகளில் இது ஒன்று. பிள்ளை பொறியியல் படித்தால் சம்மதம்; வைத்தியம் படித்தால் பெருமை; கணக்கு வழக்குப் படித்தாலும் பாதகமில்லை. ‘மொழியியல்’ படிக்கப் போகிறேன் என்று ஒரு பையனோ பெண்ணோ சொல்லிவிட்டால் மட்டும் வீட்டிலே ஒரு மௌனம் வந்து உட்கார்ந்து கொள்கிறது. “அதைப் படித்துக் கடைசியில் வாத்தியார் வேலைக்குத்தானே போகவேண்டும்?” என்று பெரியவர்கள் பெருமூச்சு விடுவார்கள். வாத்தியார் வேலை பார்க்கும் நமக்கு அந்தப் பெருமூச்சின் பொருள் நன்றாகவே தெரியும். அதனால் நமக்கு மனஸ்தாபம் ஒன்றும் இல்லை.

ஆனால், அந்தப் பெற்றோர்கள் அறிந்துகொள்ள வேண்டிய புதிய உத்தியோகம் ஒன்று இப்போது உண்டாகியிருக்கிறது. சென்னையிலும் பெங்களூரிலும் உள்ள கம்பெனிகள் ‘யூ.எக்ஸ். டிசைனர்’ என்ற பெயரில் ஆட்களைத் தேடுகின்றன. தமிழில் இவரைப் ‘பயனர் அனுபவ வடிவமைப்பாளர்’ என்கிறார்கள். பெயரின் நீளத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. வேலை எளிதில் விளங்கக் கூடியதுதான். யந்திரத்தின் உள்ளே என்ன ஓடுகிறது என்பதைப் பார்க்க வேறு நிபுணர்கள் இருக்கிறார்கள். அதன் முன்னால் நிற்கும் மனிதர் தயங்காமல், தவறாமல், யாரிடமும் கெஞ்சாமல் தம் காரியத்தை முடித்துக்கொண்டு போகிறாரா என்று பார்ப்பவர் இவர்.

இந்தத் தொழிலுக்கு இப்பெயர் வரக் காரணமானவர் டொனால்ட் நார்மன் என்னும் அமெரிக்க மனோதத்துவ அறிஞர். 1993-ம் வருஷம் ஆப்பிள் கம்பெனியில் சேர்ந்தபோது தமது பதவியின் பெயரிலேயே இந்தச் சொல்லை அவர் வைத்துக்கொண்டார். அதற்கு முன்பே, 1988-ல், அன்றாடப் பொருள்களின் அமைப்பைப் பற்றி ஒரு புகழ்பெற்ற நூலை எழுதியிருந்தார். தள்ள வேண்டிய கதவை ஒருவர் இழுத்துக்கொண்டு நிற்கிறார் என்றால், அவரைப் பார்த்துச் சிரிப்பது உலக வழக்கம். நார்மன் சொன்னதோ, குற்றம் கதவின்மேல் என்பது. தள்ளுவதா இழுப்பதா என்பதைக் கதவே தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காத கதவு கெட்ட கதவு. இந்தச் சின்ன உண்மைதான் புதிய தொழிலின் மூல மந்திரம்.

கதவு வாய் பேசாது. நம் காலத்து யந்திரங்களோ ஓயாமல் பேசுகின்றன. “அட்டையைச் செருகவும்”, “இரகசிய எண்ணை உள்ளிடவும்”, “தொடர வேண்டுமா?” என்று எழுத்தாலும் குரலாலும் அவை நம்மை ஆட்டி வைக்கின்றன. பேசும் யந்திரம் நல்லதா கெட்டதா என்பதை அதன் பேச்சைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும். ஆகவேதான் மனோதத்துவமும் சித்திரமும் கற்றவர்களோடு, பாஷையின் இயல்பைக் கற்றவர்களும் இத்தொழிலில் புகுந்திருக்கிறார்கள். அவர்களுடைய படிப்புக்கு இங்கே என்ன மதிப்பு என்பதை நம் ஊர்ப்பக்கத்தை வைத்தே பார்க்கலாம்.

வானம் பார்த்த பூமியில்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பிரதேசத்தை அறியாத நேயர்களுக்கு ஒரு வார்த்தை. ரமண மஹரிஷி 1879-ல் பிறந்த ஊர் திருச்சுழி. அதைத் தொட்டுக்கொண்டு ஓடும் குண்டாற்றில் தண்ணீரைக் காட்டிலும் மணலைத்தான் அதிக நாள் பார்க்கலாம். மேற்கே அருப்புக்கோட்டை, தறிச் சத்தத்துக்குப் பெயர் போனது. ஊரைச் சுற்றிக் கரிசலும் செவலுமான மானாவாரி நிலம். மழை பெய்தால் கண்மாய் நிறையும். கண்மாய் நிறைந்தால் வயிறு நிறையும். பெய்யாவிட்டால் சீமைக் கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்க வேண்டியதுதான்.

இந்த ஜனங்களிடம் யந்திரங்கள் வந்து சேர்ந்த வேகம் ஆச்சரியமானது. இந்தியாவில் முதல் ஏ.டி.எம். பம்பாயில் 1987-ல் வைக்கப்பட்டது. 2016-ல் ‘யூ.பி.ஐ.’ என்னும் பணப் பரிமாற்ற முறை பிறந்தது. 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டு சர்க்கார், குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகையை அவர்களுடைய வங்கிக் கணக்கிலேயே செலுத்தத் தொடங்கியது. முந்நாளில் கையில் எண்ணிக் கொடுக்கப்பட்ட பணம் இன்று கண்ணுக்குத் தெரியாத வழியில் வருகிறது; வந்தது என்பதற்கு அடையாளமாக செல்போனில் ஒரு செய்தி மட்டும் மின்னி மறைகிறது.

1,000 ரூபாய் என்பது பட்டணத்தில் ஒரு வேளைச் சிற்றுண்டிச் செலவாக இருக்கலாம். மழை பொய்த்த வருஷத்தில் திருச்சுழிப் பக்கத்து ஒரு கிழவிக்கு அது அரிசியும் மருந்தும் ஆகும். அந்தக் கிழவி ஏ.டி.எம். வாசலில் நின்று, உள்ளே வரும் முன்பின் தெரியாத வாலிபனிடம் தன் அட்டையையும் இரகசிய எண்ணையும் சேர்த்துக் கொடுத்து, “எடுத்துக் குடுப்பா ராசா” என்கிறாள். வாலிபன் யோக்கியனாக இருந்தால் அவள் அதிர்ஷ்டம். 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100-க்கு 80 பேர். மீதி 20 பேர் யந்திரத்தின் முன் ஊமைகள். அந்த 80 பேரிலும் எத்தனையோ பேர், யந்திரம் பேசும் தமிழ் புரியாததால் பாதி ஊமைகளே. அந்நிய ஆட்சி 1947-ல் ஒழிந்தது. தன் பணத்தைத் தானே எடுக்க ஒருவர் பிறர் தயவை எதிர்பார்த்து நிற்பதும் ஒருவகை அடிமைத்தனந்தான்.

தொழில் புதிது, வேலை பழையது

யந்திரத்தின் பேச்சைச் சீர்செய்யும் இந்த வேலை அமெரிக்காவில் பெயர் பெற்றது. ஆனால் நமக்குப் புதிதல்ல. எழுத்தும் ஒரு கருவிதான். அந்தக் கருவியைப் படிப்பவர் தடுமாறாதபடி திருத்தி அமைத்தவர்கள் தமிழில் வழிவழியாக வந்திருக்கிறார்கள். அவர்கள் பாஷை அறிந்தவர்களாகவும் இருந்தார்கள்.

திருச்சுழிக்கு அடுத்த பள்ளிமடத்துக் கோயிலில் பாண்டியர் காலத்து வட்டெழுத்துச் சாசனங்கள் இருக்கின்றன. தமிழ் பாஷைதான்; ஆனாலும் நம்மில் எவருக்கும் அது படிக்க வராது. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் ராஜராஜ சோழன் பாண்டிய நாட்டை வென்றபின், இப்பக்கத்தில் வட்டெழுத்து மெல்ல மெல்ல மறைந்து, இன்றைய தமிழெழுத்தின் முன்னோர் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டனர். பாஷை ஒன்றாகவே இருந்தும், வரிவடிவம் மாறினால் வாசகர் வெளியே நிறுத்தப்படுகிறார் என்பதற்கு அந்தக் கற்களே சாட்சி.

அருப்புக்கோட்டைக்குத் தென்மேற்கே, இதே கரிசலின் தொடர்ச்சியில், கோவில்பட்டிக்கு அருகே காமநாயக்கன்பட்டி என்ற கிராமம் இருக்கிறது. இத்தாலியில் 1680-ல் பிறந்து நம் நாட்டுக்கு வந்த பெஸ்கி பாதிரியார் ஆதியில் தங்கிப் பணி செய்த ஊர்களில் அது ஒன்று. வீரமாமுனிவர் என்றால் நேயர்களுக்கு உடனே தெரியும். அவர் செந்தமிழுக்கு ஓர் இலக்கணமும், ஜனங்கள் பேசும் கொடுந்தமிழுக்கு வேறோர் இலக்கணமும் லத்தீனில் எழுதினார். இரண்டாவது 1738-ல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. 1732-ல் சதுரகராதி என்ற அகராதியைத் தொகுத்தார். புலவர் பேச்சையும் உழவர் பேச்சையும் தனித்தனியே காது கொடுத்துக் கேட்ட மனிதர் அவர்.

அவர் காலத்து ஏட்டுச் சுவடியில் ஒரு சங்கடம் இருந்தது. எகர ஒகரங்களின் குறில்மேல் புள்ளி வைக்க வேண்டும் என்று தொல்காப்பியம் விதித்திருந்தும், ஓலையில் எழுதுவோர் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அதனால் ‘எரி’ என்பதும் ‘ஏரி’ என்பதும் ஓலையில் ஒன்றுபோலவே தோன்றும். நெருப்பா, நீரா என்று படிப்பவர் ஊகிக்க வேண்டும். ‘கொடு’ என்பதற்கும் ‘கோடு’ என்பதற்கும் அதே கதி. வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்தார். ‘எ’ காலை நீட்டி ‘ஏ’ ஆயிற்று. ‘ஒ’ சுழித்து ‘ஓ’ ஆயிற்று. ஒற்றைக் கொம்பு இரட்டைச் சுழிக் கொம்பு ஆயிற்று. அவர் வகுத்த இந்த வேற்றுமை பின்னர் அச்சிலும் நிலைத்தது. இன்று நம் பள்ளிக்கூடக் குழந்தை ஒவ்வொன்றும் நாள்தோறும் அதன் பயனை அனுபவிக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பிழை படிப்பவருடையது என்று அவர் விட்டுவிடவில்லை, எழுத்தைத் திருத்தினார். எந்த இரண்டு ஒலிகள் கலந்தால் அர்த்தம் கெடும் என்பதை இலக்கணம் கற்றதால் அறிந்திருந்தார். நார்மன் கதவுக்குச் சொன்னதை வீரமாமுனிவர் 250 வருஷங்களுக்கு முன்பே எழுத்துக்குச் செய்துவிட்டார்.

விரல் நுனியில் இலக்கணம்

அடுத்தது தட்டச்சு யந்திரத்தின் கதை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, உயிர்மெய் 216 - ஆக 247 எழுத்துக்களை ஒரு சின்ன யந்திரத்தில் எப்படி அடக்குவது? யாழ்ப்பாணத்தில் 1886-ல் பிறந்து, பிழைப்பைத் தேடிச் சிங்கப்பூர் சென்ற ஆர். முத்தையா இதற்கு வழி கண்டார். சில குறிகளுக்கு ‘நகரா விசை’ அமைத்தார். புள்ளியை முதலில் தட்டினால் காகிதம் நகராது. பிறகு ‘க’ என்று தட்டினால், அது புள்ளிக்குக் கீழே அமர்ந்து ‘க்’ ஆகிவிடும். 247-ஐச் சிறு கூறுகளாகப் பிரித்து மீண்டும் சேர்க்கும் இந்த யுக்தியால் தமிழ் யந்திரம் ஏறியது.

1935-ல் பெரியார் ஈ.வெ.ரா. எழுத்துச் சீர்திருத்தத்தை முன்வைத்ததும், 1978-ல் தமிழ்நாட்டு சர்க்கார் அதில் ஒரு பகுதியை ஏற்றதும் நேயர்கள் அறிந்ததே. ணா, றா, னா, லை, னை முதலிய 13 எழுத்துக்கள், தனி வடிவத்தை விட்டு மற்ற எழுத்துக்களோடு ஒரே வரிசையில் நின்றன. துதிக்கை வளைத்த பழைய ‘லை’யையும் ‘னை’யையும் தாத்தா காலத்துப் புஸ்தகங்களில் காணலாம். தனித்தனி விதிவிலக்குகள் குறைந்தால் கற்பவருக்கும் அச்சுக் கோப்பவருக்கும் சுமை குறையும் என்பதே இதிலுள்ள தத்துவம்.

கம்ப்யூட்டர் வந்தபின் நடந்த காரியம் இன்னும் ரஸமானது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ் இணைய மகாநாட்டில் அறிஞர்கள் ஆலோசித்து, அதே வருஷம் சர்க்கார் அங்கீகரித்த விசைப்பலகைக்குத் ‘தமிழ் 99’ என்று பெயர். உயிரெழுத்துக்கள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். அடிக்கடி வரும் அ, இ, உ மூன்றும் விரல்கள் இயல்பாகத் தங்கும் நடுவரிசையில். இதோடு ஒரு ஜாலமும் உண்டு. ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என்ற நான்கு விசைகளே போதும்; புள்ளி வைக்க வேண்டாம். ஒரே மெய் இரட்டித்தால் முன்னதன்மேல் புள்ளி தானாக விழுந்துவிடும். ‘பந்து’ என்பதற்கு ப, ந, த, உ. நகரத்தை அடுத்துத் தகரம் வந்தால் அங்கே புள்ளி உறுதி. ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற என்ற இன எழுத்து வரிசைதான் அந்த ஜாலத்தின் சூட்சுமம்!

நான்காம் வகுப்பில் “எதற்கு ஸார் இந்த இன எழுத்து?” என்று பையன்கள் முனகுவார்கள். ஆயிரக்கணக்கான வருஷத்து இலக்கணம் விசைப்பலகைக்குள் புகுந்து விரலின் வேலையைக் குறைத்துவிட்டது என்று இனி அவர்களுக்குப் பதில் சொல்லலாம். மலேசியாவின் முத்து நெடுமாறன் போன்றவர்கள், 2005-ல் வெளிவந்த ‘செல்லினம்’ முதலிய சாதனங்களால் தமிழைச் செல்போனிலும் ஏற்றி வைத்தார்கள். எழுத்து யந்திரத்தில் ஏறிவிட்டது. இனி அந்த யந்திரம் ஒழுங்காகப் பேசக் கற்க வேண்டும். மொழியியல் கற்ற வடிவமைப்பாளருக்கு இங்கேதான் வேலை.

‘இல்லை’யா, ‘வேண்டாம்’மா?

இங்கிலீஷில் ‘நோ’ என்ற ஒரே சொல் எல்லா மறுப்புக்கும் போதும். தமிழில் அப்படியா? இல்லை, அல்ல, வேண்டாம், கூடாது, மாட்டேன், முடியாது என்று மறுப்புக்கு ஒரு குடும்பமே இருக்கிறது. “ரசீது வேண்டுமா?” என்று யந்திரம் கேட்டு, அதற்குப் பதிலாக ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு பொத்தான்களைக் காட்டினால், தமிழ் காது திடுக்கிடுகிறது. ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ என்பதே நம் பதில். கேள்வியின் வினைச்சொல்லைத் திருப்பிச் சொல்லித்தான் நாம் ஒப்புக்கொள்வோம். அகராதியைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் மாற்றுபவருக்கு இது தோன்றாது. பாஷையின் நடையை அறிந்தவருக்கு முதல் பார்வையிலேயே தோன்றும்.

மரியாதையைப் பார்ப்போம். செல்போனில் ‘சேமி’, ‘அனுப்பு’ என்று பொத்தான்கள் இருக்கின்றன. “பெரியவர்களைப் பார்த்து ஒருமையில் உத்தரவு போடலாமா?” என்று சிலர் கோபிப்பதுண்டு. இலக்கணம் அறிந்தவர், “இங்கே பேசுகிறவர் யார்?” என்று முதலில் கேட்பார். பொத்தானை அழுத்துபவர் நாம். ‘அனுப்பு’ என்பது நாம் யந்திரத்துக்கு இடும் கட்டளை. யந்திரத்தை நீங்கள் என்று அழைக்க அவசியமில்லை. ஆனால் ‘அட்டையைச் செருகு’ என்று யந்திரம் நம்மிடம் சொன்னால் அது மரியாதைக் குறைவு. ‘செருகுங்கள்’ என்றே சொல்ல வேண்டும். இழிந்தோன், ஒப்போன், உயர்ந்தோன் என்று பேசுபவரின் நிலையைக் கொண்டு ஈ, தா, கொடு என்ற சொற்களைப் பிரித்த தொல்காப்பியம் பிறந்த பாஷையில், இந்த விவேகத்தை வேறெங்கும் போய்க் கற்க வேண்டியதில்லை.

மூன்றாவது, வேற்றுமை உருபு. யந்திரம் வாக்கியங்களை அச்சடித்த படிவம்போல் வைத்துக்கொண்டு, நடுவில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிச் செருகுகிறது. இங்கிலீஷில் ‘இன்’ என்று எழுதிப் பக்கத்தில் ஊர்ப் பெயரை ஒட்டினால் முடிந்தது. நம் பக்கத்து ஊர்களையே பாருங்கள்: அருப்புக்கோட்டையில், திருச்சுழியில், விருதுநகரில், மல்லாங்கிணற்றில். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளைகிறது. விதி தெரியாத யந்திரம் ‘மல்லாங்கிணறுஇல்’ என்று துப்பும். மொழியியல் படித்தவர், ‘இடம்: மல்லாங்கிணறு’ என்று பெயரைத் தனியே நிறுத்தும்படி வாக்கியத்தையே மாற்றி அமைப்பார். வெட்டுக்காயம் இல்லாமல் காரியம் முடிந்துவிடும்.

நான்காவது விஷயம் இவை எல்லாவற்றையும்விடப் பெரியது. தமிழில் ‘ஆம்’, ‘இல்லை’ என்னும் தீர்ப்பு வாக்கியத்தின் கடைசியில் இருக்கிறது. ‘பணம் அனுப்பப்படவில்லை’ என்பதில் உயிர்நாடி ‘வில்லை’ என்ற வால்தான். செல்போனின் சிறிய திரையில், நீளமான தமிழ்ச் சொல்லுக்கு இடம் போதாது என்று இங்கிலீஷ் அளவை வைத்து வால்பக்கத்தை நறுக்கினால், ‘பணம் அனுப்பப்பட...’ என்று நிற்கும். பணம் போய்விட்டது என்று எண்ணி ஒருவர் நிம்மதியாகத் தூங்குவார். கடன்காரன் காலையில் கதவைத் தட்டுவான். இங்கிலீஷில் மறுப்புச் சொல் வினைக்கு முன்னே வந்துவிடுவதால் அவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு. தமிழுக்குத் திரை அமைப்பவர், இடம் போதாவிட்டால் வரியை மடக்க வேண்டுமே ஒழிய, வாக்கியத்தின் வாலை நறுக்கவே கூடாது.

சொல்லின் குழப்பம் பணத்தைப் பறித்த கதையும் நம் நாட்டில் நடந்தது. யூ.பி.ஐ. முறையில், ஒருவரிடம் பணம் கேட்டு மற்றவர் விண்ணப்பம் அனுப்பும் வசதி இருந்தது. மோசக்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டு, “உங்களுக்குப் பணம் வந்திருக்கிறது, பெற்றுக்கொள்ள இரகசிய எண்ணைப் போடுங்கள்” என்று போனில் பேசி, விண்ணப்பத்தை அனுப்புவார்கள். எண்ணைப் போட்டதும் பணம் வருவதற்குப் பதிலாகப் போய்விடும். பணம் பெறுவதற்கு இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை என்பதை நேயர்கள் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைக்கவேண்டும். யார் கொடுப்பது, யார் பெறுவது என்பது திரையைப் பார்த்த மாத்திரத்தில் விளங்காதபோது மோசக்காரனின் வேலை சுலபமாகிறது. கடைசியில், தனிநபர்களுக்குள் இப்படிக் கேட்கும் வசதியையே 2025 அக்டோபரில் நிறுத்திவிட்டார்கள். எழுவாயும் செயப்படுபொருளும் திரையில் மயங்கினால் என்ன நேரும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

மல்லி என்றால் என்ன?

இலக்கணத்தோடு வட்டார வழக்கும் சேர்ந்துகொள்கிறது. ‘மல்லி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். பட்டணத்தில் இருப்பவருக்கு அது பூ. அருப்புக்கோட்டைப் பக்கத்தில் தோட்டத்தில் பூக்கும் மல்லியும் உண்டு. கரிசலில் விதைக்கும் மல்லியும் உண்டு. இரண்டாவது, கொத்துமல்லி விதை. பயிர் இன்ஷியூரன்ஸ் படிவத்தில் ‘மல்லி’ என்று மட்டும் இருந்தால், சம்சாரி எதைத் தொடுவார்? மிளகாய் வற்றல் இங்கே வெறும் ‘வத்தல்’. நீர்நிலை வடக்கே ஏரி. இங்கே கண்மாய், பேச்சில் கம்மாய். சென்னையில் உட்கார்ந்து செய்த படிவத்தில் ‘ஏரிப் பாசனம்’ என்று கண்டால், “நம்மூரில் ஏரி ஏது?” என்று அதைத் தாண்டிப் போய்விடுவார்.

மேலும், அருப்புக்கோட்டைத் தறிக்காரர்களில் தேவாங்கர் குடும்பங்கள் வீட்டில் கன்னடம் பேசுபவை. கரிசல் கிராமங்களில் தெலுங்கு பேசும் குடும்பங்களும் அநேகம். கடைவீதியில் அழகாகத் தமிழ் பேசும் இவர்களுக்கு, ‘பரிவர்த்தனை நிராகரிக்கப்பட்டது’ என்ற வாசகம் இரட்டைத் தூரம். ‘பணம் எடுக்க முடியவில்லை. உங்கள் கணக்கில் பணம் குறையவில்லை’ என்று எழுதினால் கன்னடக்காரருக்கும் புரியும். தமிழ்ப் பண்டிதருக்கும் புரியும். முதல் வாசகம் நடந்ததைச் சொல்கிறது. இரண்டாவது, படிப்பவரின் மனத்தில் எழும் பயத்துக்குப் பதில் சொல்கிறது.

குரலால் பேசும் யந்திரங்களும் வந்துகொண்டிருக்கின்றன. பொத்தான் வைத்த சாதாரணப் போனிலிருந்தே பணம் அனுப்பும் வழியை ரிசர்வ் பாங்கு 2022-ல் தொடங்கி வைத்தது. இந்திய பாஷைகளில் யந்திரங்கள் பேசவும் கேட்கவும் உதவுவதற்காக, மத்திய சர்க்கார் அதே வருஷம் ‘பாஷிணி’ என்ற திட்டத்தை ஆரம்பித்தது. படிக்கத் தெரியாத 20 பேருக்கும் இது நம்பிக்கை தரும் செய்தி. ஆனால் கிழவி ‘கம்மாய்’ என்றும் ‘வத்தல்’ என்றும்தான் பேசுவாள். ஏட்டுத் தமிழை மட்டும் பழக்கிய யந்திரம் அவள் முன்னே செவிடாகி நிற்கும். கொடுந்தமிழுக்குத் தனி இலக்கணம் எழுதிய வீரமாமுனிவரின் காது இப்போதுதான் மிகவும் தேவைப்படுகிறது.

வேலை நடக்கும் விதம்

இந்த வடிவமைப்பாளர் முதலில் கம்ப்யூட்டரைத் திறப்பதில்லை, ஊருக்குப் போகிறார். தறிக்குழியின் பக்கத்திலும் களத்து மேட்டிலும் உட்கார்ந்து, ஜனங்கள் எந்தக் காரியத்தை எந்தச் சொல்லால் சொல்கிறார்கள் என்று குறித்துக்கொள்கிறார். சொற்களைச் சீட்டுகளில் எழுதிக் கொடுத்து, “உங்களுக்குத் தோன்றுகிறபடி வகை பிரியுங்கள்” என்று கேட்டுப் பார்க்கிறார். பிறகு திரையைக் காகிதத்தில் வரைந்து, ஒருவர் கையில் கொடுத்து, “பணம் எடுத்துக் காட்டுங்கள்” என்கிறார். அவர் தடுமாறினால் சொல்லிக் கொடுக்கக்கூடாது. எங்கே விரல் நின்றது, எங்கே நெற்றி சுருங்கியது என்று பார்க்க மட்டும் வேண்டும். இப்படி ஐந்தாறு பேரிடம் சோதித்தாலே பெருங்குறைகளில் மிகுதி வெளிவந்துவிடும் என்பது இத்துறையினரின் அனுபவம். குறையைத் திருத்தி மறுபடியும் சோதிப்பார்கள்.

“புரிந்ததா?” என்று கேட்டால் நம்மவர்கள் மரியாதைக்காகப் ‘புரிந்தது’ என்று சொல்லிவிடுவார்கள். வகுப்பறையில் நாம் தினமும் காணும் காட்சி இது. ஆகையால் கேட்பதைக் காட்டிலும் பார்ப்பது மேல். இந்தப் பொறுமை நல்ல உபாத்தியாயருக்கும் வேண்டும். நல்ல வடிவமைப்பாளருக்கும் வேண்டும்.

இத்தனைக்கும் அடிப்படையான மொழியியலைக் கற்பிக்க நம் நாட்டில் இடம் இல்லாமல் இல்லை. அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் அதற்கென்று உயராய்வு மையம் இருக்கிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக் கழகம் 1981-ல் பிறந்தது. மைசூரில் இந்திய பாஷைகளுக்கான மத்திய நிறுவனம் 1969 முதல் நடந்து வருகிறது. மொழியியலோடு கொஞ்சம் சித்திரமும், கொஞ்சம் கம்ப்யூட்டரும், நிறைய மனித சகவாசமும் சேர்ந்தால் இத்தொழிலுக்கு வேண்டிய மூலதனம் தயார்.

ஆகவே, பாஷை படிக்க ஆசைப்படும் பிள்ளையைப் பெற்றோர் அதட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். பிள்ளைக்கும் ஒரு வார்த்தை உண்டு. தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்து, கம்மாய்க்கும் ஏரிக்கும் வித்தியாசம் தெரிந்து, வீட்டில் ஒரு பாஷையும் வெளியில் ஒரு பாஷையும் பேசிப் பழகியிருப்பதைக் குறையாக எண்ணி வெட்கப்படாதே. பட்டணத்தில் எந்தக் கல்லூரியும் விற்க முடியாத படிப்பு அது. இலக்கணத்தையும் கற்றுக்கொண்டு, இரண்டையும் நம் ஜனங்களின் கையிலிருக்கும் யந்திரத்துக்குக் கொண்டு போ. உன் படிப்பு பலித்ததா என்பதை அளக்க ஒரு கணக்குச் சொல்கிறோம்: திருச்சுழிப் பக்கத்துக் கிழவி தன் அட்டையை யார் கையிலும் கொடுக்காமல், தன் 1,000 ரூபாயைத் தானே எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு வீடு திரும்பவேண்டும். அதற்குக் குறைந்த எதையும் வெற்றி என்று எண்ணாதே.